நான்கு தாள்களில் ஒரு வீடு

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பைத் தேடிச் சென்றவனுக்கு ஒரு செருக்கு உண்டு. இழந்தவன் தான் என்றும், ஏங்குகிறவன் தான் என்றும், வீட்டின் அருமையை வீட்டிலேயே இருப்பவர்களைக் காட்டிலும் தானே நன்கு உணர்ந்தவன் என்றும் அவன் எண்ணிக்கொள்வான். அந்தச் செருக்கு எனக்கும் இருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதனைச் சுமந்து திரிந்தேன். பென்னாகரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு மாலைப் பொழுதில், என் அக்காவின் கையிலிருந்த பென்சில் அதனை உடைத்தது. அந்த மாலையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இதில் என் பிழையும் அடங்கியிருக்கிறது; அதை மறைத்துவிட்டு எழுதினால் எழுதியதில் பயன் இல்லை.

பென்னாகரம் தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையில் அமைந்த ஊர். காவிரி அருவியாய் விழும் இடம் எங்களுக்கு அண்மையில்தான் இருக்கிறது. ஆயினும் எங்கள் மண் வானம் பார்த்த மண். கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் மழையை நம்பி விளையும். 2013-ஆம் ஆண்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்படும் வரை, ஃபுளூரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பற்களில் பழுப்புக் கறை படிந்த தலைமுறைகளில் எங்களுடையதும் ஒன்று. பெங்களூரில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் நான் வாய் திறந்து சிரித்ததும், முன்பின் அறியாத ஒரு மேஸ்திரி, "உங்களுக்குத் தர்மபுரிப் பக்கமா?" என்று கேட்டார். ஊர் எங்களை விட்டுவிடவில்லை என்பதற்கு அந்தப் பற்களே சான்று.

மழை பொய்த்தால் கைகொடுப்பது புளி. சாலையோரத்துப் புளியமரங்களும் தோட்டத்து மரங்களும் தை, மாசியில் காய்த்துத் தொங்கும்போது, அத்தா மரங்களைக் குத்தகைக்குப் பிடிப்பார்கள். உலுக்கிச் சேர்த்த புளி மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வந்து சேரும். ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுத்த பிறகே அது விற்பனைக்குப் போகும். எங்களுடையது நாட்டோடு வேய்ந்த நீண்ட வீடு. தெருவை நோக்கிய திண்ணை, அதை அடுத்து அத்தா கணக்குப் பார்க்கும் முன்னறை, பிறகு கூடம், கூடத்தின் வலப்புறம் புளி அறை, அதற்கும் பின்னால் சமையற்கட்டும் கிணற்றடியும். ஆண்டில் நான்கு மாதங்கள் அந்த வீடு முழுவதும் புளியின் மணம்தான். எங்கள் பள்ளிப் புத்தகங்கள்கூடப் புளித்து மணக்கும்.

நாங்கள் மூவர். மூத்தவள் அக்கா. அடுத்தவன் நான். கடைக்குட்டி தம்பி. 1988-இல் அக்காவுக்குப் பள்ளப்பட்டியில் நிக்காஹ் ஆயிற்று. 1994-இல் நான் பெங்களூருக்குப் போனேன். கட்டடக் குத்தகைக்காரர் ஒருவரிடம் கணக்கெழுதச் சேர்ந்தவன் அங்கேயே குடியும் குடித்தனமும் ஆகிவிட்டேன். தம்பி 2003-இல் துபாய்க்குப் பறந்தான். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கதை இதுதான். ஓசூர் வழியாக ஓடும் பேருந்துகள் எங்கள் பக்கத்து இளைஞர்களை மூட்டை முடிச்சோடு ஏற்றிச் சென்று பெங்களூரில் இறக்கிவிடுகின்றன. ஈதுப் பெருநாளுக்குத் திரும்பிவரும் ஒவ்வொருவரும், "நம் ஊர்த் தண்ணீரைப் போல் வருமா?" என்று பெருமூச்சு விடுவதைக் கேட்டிருக்கிறேன். பல்லைக் கறையாக்கிய தண்ணீருக்காகவே ஏங்குகிற அளவுக்கு மனிதனின் நெஞ்சம் விந்தையானது.

2021-இல் அத்தா இறையடி சேர்ந்தார்கள். அம்மாவின் இத்தா முடிந்து ஓராண்டும் கழிந்தபின், வீட்டை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தது. அம்மாவால் அத்தனை பெரிய வீட்டில் தனியே இருக்க இயலவில்லை. தம்பிக்குத் துபாயில் வேலை ஆட்டம் கண்டிருந்தது. எனக்கோ பெங்களூரில் அடுக்குமாடி வீட்டுக்குக் கட்டவேண்டிய தவணை கழுத்தை இறுக்கியது. கடைகள் கட்ட ஏற்ற மனை என்று கருதி, வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்தார். விற்றுவிடலாம் என்று அண்ணன் தம்பி இருவரும் தொலைபேசியிலேயே முடிவு செய்தோம்.

அக்காவின் பங்கு? அது குறித்து எங்களுக்குள் நடந்த பேச்சை இப்போது எழுதக் கை கூசுகிறது. "அக்காவுக்குத்தான் நிக்காஹின்போது நகையும் பாத்திரமும் செய்து அனுப்பியாயிற்றே, மச்சானுக்குச் சொந்தக் கடை இருக்கிறது, அக்கா கேட்கவும் மாட்டாள்" என்றான் தம்பி. நான் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமன்று, பத்திர எழுத்தரிடம் போய், அக்கா தன் உரிமையை எங்களுக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரத்தின் வாசகத்தையும் எழுதி வாங்கி, தோல்பைக்குள் வைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டேன். யாரிடமிருந்து யாருக்கு விடுதலை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

2023-ஆம் ஆண்டுக் கோடை அது. அக்காவும் அவளுடைய இளைய மகளும் பள்ளப்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். அந்த மருமகள் சென்னையில் ஓவியம் பயில்பவள். ஆண்டிறுதிக்குள் ஒரு பணியைச் செய்து காட்டவேண்டும் என்றும், அதற்குக் 'குடும்பம், வீடு, புலம்பெயர்வு' என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டதாகவும் சொன்னாள். "மாமா, நீங்கள்தானே நம் குடும்பத்தில் முதலில் ஊரைவிட்டுப் போனவர்கள்? உங்களிடம்தான் முதலில் கேட்கவேண்டும்" என்றாள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. பெங்களூரில் நான் பட்ட பாட்டையெல்லாம் ஓவியத்தில் ஏற்றப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் முதலில் தன் கைப்பேசியில் சில படங்களைக் காட்டினாள். பிலிப்பைன்ஸ் நாட்டில், படானெஸ் தீவுகளில் உள்ள பாஸ்கோ என்னும் ஊரில் 1946-இல் பிறந்த பசிட்டா அபாத் என்ற பெண் ஓவியரின் படைப்புகள் அவை. சட்டம் படிக்கவென்று 1970-இல் நாட்டைவிட்டுப் புறப்பட்டவர், வழியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தங்கிவிட்டார். தையல் வேலை செய்து பிழைத்த காலமும் அவர் வாழ்வில் உண்டு. பிற்காலத்தில் அவர் தீட்டிய ஓவியங்களில் அந்தத் தையற்காரியின் கை தெரிகிறது. தீட்டிய துணிக்குப் பின்னால் இன்னொரு துணியை வைத்து, இடையே பஞ்சைத் திணித்து, மெத்தை தைப்பதுபோல் தைத்து, அதன்மேல் கண்ணாடிச் சில்லு, பொத்தான், மணி, சிப்பி ஆகியவற்றைப் பதித்தார். மரச்சட்டம் இல்லாத அந்த ஓவியத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எந்த நாட்டுக்கும் போய்விடலாம். நாடுவிட்டு நாடு போகிறவருக்கு ஏற்ற ஓவியம்!

"இந்தத் தெருக்கள் பொன் வேய்ந்தவை என்று நினைத்திருந்தேன்" என்று பொருள்படும் தலைப்பில் 1991-இல் அவர் செய்த ஒரு படைப்பு, செல்வம் தேடி வந்தவர்கள் அந்நிய நாட்டில் என்னென்ன வேலைக்குக் குனியவேண்டியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. "ஹாங்காங்கில் பிலிப்பைன்ஸ் பெண்கள்" என்பது 1995-ஆம் ஆண்டுப் படைப்பு. அங்கே வீட்டு வேலை செய்யும் பெண்கள், வாரத்தில் ஒரே விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமையில் நகரின் நடுவே வந்து கூடும் காட்சி அது. ஆறு நாளும் பிறர் வீட்டில் வாழ்பவர்களுக்கு ஏழாம் நாள் உட்கார ஒரு வீடு இல்லை. ஆகவே தரையில் அட்டைகளை விரித்துத் தெருவையே வீடாக்கிக்கொள்கிறார்கள். 1974-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் மூலம் தன் மக்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதை அரசின் கொள்கையாகவே ஆக்கிக்கொண்ட நாடு அது. இன்று அவ்வாறு வெளிநாட்டில் உழைக்கும் ஏறத்தாழ இருபது இலட்சம் பேரில் பாதிக்கு மேல் பெண்கள். நம் வளைகுடாக் கதையில் கணவன் போவான், மனைவி காத்திருப்பாள். அவர்கள் கதையில் தாய் போகிறாள், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் அந்த அம்மையார் செய்த ஒரு பணியையும் மருமகள் காட்டினாள். அங்குள்ள ஆற்றின்மேல் ஆல்காஃப் பாலம் என்று ஒரு நடைபாலம் இருக்கிறது. அரபு நாட்டிலிருந்து வந்து குடியேறிய வணிகக் குடும்பத்தின் பெயர் அதற்கு. பழைய சரக்குத் தோணியின் வடிவம் அதற்கு. ஒரு காலத்தில் அந்த ஆற்றில் தோணி தள்ளியவர்கள் சூலியா எனப்பட்ட நம் தமிழ் முஸ்லிம்கள்தாம். 2004-ஆம் ஆண்டு, தம் வாழ்வின் இறுதி ஆண்டில், அந்தப் பாலத்தை ஐம்பத்தைந்து வண்ணங்களில் வட்டம் வட்டமாகத் தீட்டச் செய்தார் பசிட்டா அபாத். அவ்வாண்டு டிசம்பரில் சிங்கப்பூரிலேயே காலமானார். அரபியர் பெயர், தமிழர் தோணி, பிலிப்பைன்ஸ் பெண்ணின் வண்ணம். புலம்பெயர்ந்தோர் மூவரின் சுவடு ஒரு பாலத்தில் படிந்திருக்கிறது.

"இது வண்ணம். இப்போது வண்ணம் குறைந்த ஒன்றைப் பாருங்கள்" என்று அவள் எடுத்துவைத்தது, யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011-இல் வெளியிட்ட ஒரு நூல். ஆசிரியர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கி வந்திருந்தாள். 'நிறைவுறாத தோம்பு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதற்கு. தோம்பு என்பது, இலங்கையில் போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் நிலமும் உடைமையும் யார் யாருக்குரியவை என்று பதிந்துவைத்த அரசாங்க ஏடு. ஆனால் இந்தத் தோம்பில் அரசாங்கத்துக்கு இடமில்லை. போரால் வீடிழந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் சென்று, "உங்கள் வீட்டின் தரைவரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள்" என்று ஓவியர் கேட்டிருக்கிறார். அவ்வாறு வந்து சேர்ந்த எண்பது வீடுகள் அந்நூலில் இருக்கின்றன. வீட்டுக்குரியவர் நடுங்கும் கோடுகளில் வரைந்த படம். அதையே கட்டடக் கலைஞர் அளவோடு செப்பனிட்ட படம். அந்த வீட்டை எண்ணி ஓவியர் உலர்வண்ணக் கோலால் தீட்டிய படம். ஒவ்வொரு வீடும் இவ்வாறு மூன்று முறை எழுகிறது.

அந்த மக்களுள் முஸ்லிம்களும் உண்டு என்று மருமகள் சொன்னபோது, அதுவரை ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். ஆண்டு 1990, அக்டோபர் மாத இறுதி. விடுதலைப் புலிகளின் ஆணையால் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் வாழ்ந்தவர்களுக்கு அக்டோபர் 30 அன்று கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. வீட்டுப் பத்திரங்களையும் நகைகளையும்கூட இழந்து, பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினர். பத்திரம் பறிபோனவர்களுக்கு வீட்டைப் பற்றி எஞ்சியிருந்த ஒரே ஆவணம் நினைவுதான். அந்த நினைவுக்கு ஓவியர் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்தார்.

"சாவியை எடுத்துக்கொண்டு போயிருப்பார்களா?" என்று கேட்டார்கள் அம்மா. யாராலும் விடை சொல்ல இயலவில்லை.

அப்போதுதான் மருமகள் தன் பையிலிருந்து நான்கு வெள்ளைத் தாள்களை எடுத்தாள். இந்த வீட்டை விற்கப் போகிறோம் என்பது அவளுக்குத் தெரியும். "ஆளுக்கொரு தாள். எழுந்துபோய்ப் பார்க்கக் கூடாது. இந்த வீட்டை நீங்கள் சிறு வயதில் அறிந்தவாறு வரையுங்கள், நன்னி மட்டும் தாங்கள் மருமகளாக வந்தபோது இருந்தவாறு வரையட்டும்" என்றாள்.

அம்மா தயங்கினார்கள். "உருவம் வரைவதா? இந்த வயதில் அந்தப் பாவம் எனக்கெதற்கு?" என்றார்கள்.

"உயிருள்ள உருவம் வேண்டாம் நன்னி. சுவரும் கதவும் போதும்" என்றாள் மருமகள். "சுவர் என்றால் சரி" என்று அம்மா தாளை வாங்கிக்கொண்டார்கள். துபாயிலிருந்த தம்பிக்கும் தொலைபேசியில் சொல்லப்பட்டது. அவன் சிரித்துவிட்டு, இரவுக்குள் படம்பிடித்து அனுப்புவதாகச் சொன்னான்.

நான் விரைவாகவே வரைந்துவிட்டேன். திண்ணை, திண்ணைத் தூண், முன்னறை, அத்தாவின் கணக்குப் பெட்டி, நான் படித்த சன்னல், சன்னலுக்கு வெளியே தெரு, தெருவின் கோடியில் பள்ளிவாசல். கூடம்வரை கை தடையின்றி ஓடியது. அதற்கப்பால் தயங்கியது. புளி அறையை ஒரு வெறுங்கட்டமாகப் போட்டு 'கிடங்கு' என்று எழுதினேன். சமையற்கட்டுக்கு எத்தனை கதவு? கிணறு இடப்புறமா, வலப்புறமா? எனக்கு ஐயமாகவே இருந்தது. பின்சுவரை வரையாமலே விட்டுவிட்டேன். இருபத்தொரு ஆண்டுகள் வாழ்ந்த வீட்டின் பின்புறம் எனக்குத் தெரியவில்லை!

தம்பியின் படம் இரவு வந்தது. 24-க்கு 60 அடி என்று அளவிட்டு, சாலைப் பக்கத்து முகப்பைத் தடித்த கோட்டால் காட்டியிருந்தான். விலை பேச வேண்டியவனின் படம் அது. ஆனால் கூடத்து உத்தரத்தின் நடுவில் ஒரு சிறு வளையத்தைப் போட்டு, 'தூளி' என்று எழுதியிருந்தான். முகப்பின் அடிக்கணக்கோடு அதுவும் அவன் நெஞ்சில் இருந்திருக்கிறது.

அம்மாவின் படத்தை முதலில் எங்களால் புரிந்துகொள்ள முடியவில்லை. தெருவாசல் தாளின் ஓர் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. பிறகுதான் விளங்கியது. அம்மா வீட்டைக் கிப்லாவை மேலே வைத்து வரைந்திருந்தார்கள். தொழுகைப் பாய் விரிக்கும் இடத்திலிருந்துதான் அந்த வீடு தொடங்கியது. அங்கிருந்து சமையற்கட்டு, கிணற்றடி, அம்மிக்கல், கோழி அடைக்கும் பஞ்சாரம். அத்தாவின் முன்னறை ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. "என்னம்மா, அத்தா அறை இவ்வளவு சிறியதா?" என்றேன். "நான் அங்கே எத்தனை முறை போயிருக்கிறேன்?" என்று அம்மா திருப்பிக் கேட்டார்கள்.

அக்கா மட்டும் முடிக்கவில்லை. மஃரிப் தொழுதுவிட்டு வந்து மறுபடி குனிந்தாள். இஷாவுக்குப் பாங்கு சொன்னபோதும் வரைந்துகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அதற்குப்பின் அவள் பென்சிலைப் பிடித்ததை நான் பார்த்ததில்லை. அவள் தாளை நீட்டியபோது நாங்கள் விளக்கின் கீழே குனிந்து நெடுநேரம் பார்த்தோம்.

எல்லாம் இருந்தன. ஒவ்வொரு வாசலும், வாசற்படியின் உயரமும், சமையற்கட்டின் இரண்டு கதவுகளும், விளக்கு வைக்கும் மாடக்குழியும், கிணற்றுச் சகடையும், மழைக்காலத்தில் ஓடு ஒழுகும் மூன்று இடங்களும். ஆனால் அவள் தாளில் மிகப் பெரிதாக இருந்தது புளி அறை. நான் வெறுங்கட்டமாக விட்ட அந்த இடத்தில் அவள் சாக்கு விரித்த இடம், கொட்டை தட்டும் கல், ஓட்டைக் குவிக்கும் மூலை, கொட்டைக்கு ஒரு கூடை, நாருக்கு ஒரு கூடை, அம்மா உட்காரும் இடம், கூலிக்கு வரும் இரு பெண்கள் உட்காரும் இடம், தான் உட்காரும் இடம் ஆகிய அனைத்தையும் குறித்திருந்தாள். தான் உட்காரும் இடத்துக்கு எதிரே ஒரு சிறு சன்னல். அதன் அருகே, 'பள்ளிக்கூடம் விடும் நேரம் தெரியும்' என்று எழுதியிருந்தாள்.

அந்தச் சன்னல் அங்கே இருப்பது எனக்கு நினைவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தேன். இருந்தது. புழுதி படிந்து, சாக்கு அடைத்துக் கிடந்தது.

"எல்லாம் போட்டாயே அக்கா, நீ படுத்துக்கொள்ளும் இடம் எங்கே?" என்று கேட்டேன்.

"மூட்டை இல்லாத இடத்தில் படுப்பேன் தம்பி. அது நாளுக்கு நாள் மாறும். எப்படி வரைவது?" என்றாள் அக்கா. அவள் குறையாகச் சொல்லவில்லை. தாளில் ஓர் இடம் விடுபட்டதற்கான காரணத்தைச் சொன்னாள், அவ்வளவே.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மருமகள் என்னிடம் கேட்ட கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: 'நம் குடும்பத்தில் முதலில் ஊரைவிட்டுப் போனவர் நீங்கள்தானே?' இல்லை. முதலில் போனவள் அக்கா. எனக்கு ஆறு ஆண்டுகள் முன்னதாக, பதினெட்டாம் வயதில், ஒரு பெட்டியோடும் ஒரு பாயோடும் அவள் போனாள். அவள் போனதை நாங்கள் 'புலம்பெயர்ந்தாள்' என்று சொல்லவில்லை. 'வாழப் போனாள்' என்றோம். நான் போனபோது பேருந்து நிலையம்வரை தெருவே திரண்டு வந்தது. ஊரை நினைத்து நான் விட்ட பெருமூச்சுக்கு எல்லாரும் செவி கொடுத்தார்கள். அக்கா எதை நினைத்துப் பெருமூச்சு விட்டாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக, நாள்தோறும் மனத்துக்குள் இந்த வீட்டைப் பெருக்கி மெழுகிக்கொண்டிருந்தவள் அவள். அவள் தாளே அதற்குச் சான்று.

காயல்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களில் மணமான மகள் தாய் வீட்டிலேயே இருக்க, மருமகன் அங்கு வந்து வாழ்வது வழக்கம். கப்பலேறிப் போகும் ஆண்களைக் கொண்ட ஊர்கள், வீட்டைப் பெண்ணின் பெயரோடு சேர்த்துவைத்தன. எங்கள் மேட்டு நிலத்து வழக்கம் வேறு. இங்கே மகள் போகிறாள். போனவளின் இடத்தில் மூட்டை அடுக்கப்படுகிறது. ஹாங்காங்கின் தெருவில் அட்டை விரித்து அமர்ந்த அந்தப் பிலிப்பைன்ஸ் பெண்கள் ஏன் என் கண்ணை அப்படி உறுத்தினார்கள் என்பது அப்போது விளங்கிற்று. பிறர் வீட்டைத் துலக்கித் தம் வீட்டை நினைவில் சுமப்பவர்கள் அவர்கள். அத்தகைய ஒருத்தி என் வீட்டுக் கூடத்திலேயே படுத்து உறங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் கையெழுத்து வாங்கும் பத்திரம் என் பையில் இருந்தது.

கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். சுபுஹு தொழுகைக்குப்பின் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டேன். இறந்தவருக்கு மனைவியும், இரு மகன்களும், ஒரு மகளும் இருந்தால் பங்கு எப்படி என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதை ஐந்தாக்கி, மகன்களுக்கு இரண்டிரண்டு, மகளுக்கு ஒன்று. அதாவது சொத்து 40 பங்கென்றால் அம்மாவுக்கு 5, எனக்கு 14, தம்பிக்கு 14, அக்காவுக்கு 7. சூரத்துந் நிஸாவில் இறைவனே வகுத்துவைத்த பங்கு இது. பெண்ணுக்கு அதைக் கொடுப்பது உடன்பிறந்தவனின் பெருந்தன்மை அன்று, கொடுக்காதது அபகரிப்பு. நகை போட்டோம், பாத்திரம் கொடுத்தோம் என்பதெல்லாம் அத்தா தம் வாழ்நாளில் மகளுக்குச் செய்த அன்பளிப்பு. அதை அவர் மறைவுக்குப்பின் வந்த உரிமையில் கழிக்க நமக்கு யார் அதிகாரம் தந்தார்கள்? மார்க்கம் தெரியாமல் நான் அந்தப் பத்திரத்தை எழுதச் செய்யவில்லை. தெரிந்தே செய்தேன். 'அக்கா கேட்கமாட்டாள்' என்பதுதான் என் துணிச்சலுக்கு முதல்.

அத்தோடு, அந்த நகை எதில் வந்தது? புளியில் வந்தது. புளி யார் கையில் சுத்தமாயிற்று? எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், பள்ளிக்கூடம் விடும் நேரத்தைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு தட்டிய புளி அது. அவள் கொட்டை எடுத்த புளி என்னைக் கல்லூரிவரை படிக்கவைத்தது. என் தாளில் அந்த அறை ஒரு வெறுங்கட்டம்!

தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். அக்காவின் தாளைப் படம்பிடித்து ஏற்கனவே அனுப்பியிருந்தாள் மருமகள். நான் பேசத் தொடங்குமுன் அவனே கேட்டான்: "அண்ணே, அந்தப் புளி அறையில் சன்னல் இருந்ததா?" "இருந்தது" என்றேன். சற்று நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "ஏழு பங்கு என்றால் ஏழு பங்குதான். கொடுத்துவிடுவோம்" என்றான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அன்று என் தம்பி அந்தப் பழமொழியைப் பொய்யாக்கினான். அல்லாஹ் அவன் வாழ்வில் பரக்கத் செய்யட்டும்.

அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பைக்குள் இருந்த பத்திரத்தையும் காட்டினேன். அவள் அதை வாங்கி, படித்துப் பார்க்காமலே மடித்து என்னிடம் தந்தாள். "நீ நீட்டியிருந்தால் போட்டிருப்பேன் தம்பி" என்றாள். அதைவிடக் கடுமையான சொல்லை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

2024-இல் வீடு கைமாறியது. பணம் நாற்பது பங்காகப் பிரிந்தது. அவரவர்க்குரியது அவரவர்க்குச் சேர்ந்தது. அவ்வாண்டு வெனிஸ் நகரத்து உலகக் கலைக் கண்காட்சியில் பசிட்டா அபாத்தின் அந்த ஹாங்காங் பெண்கள் இடம்பெற்றதாக மருமகள் செய்தி அனுப்பினாள். 'எங்கும் அந்நியர்' என்று பொருள்படும் பெயர் அந்தக் கண்காட்சிக்கு. ஏறத்தாழ அதே நாள்களில் எங்கள் வீட்டின் ஓடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் போகவேண்டாம் என்று இருந்தேன். ஆனாலும் போனேன். முன்சுவர் போய்விட்டிருந்தது. புளி அறையின் சன்னல் மட்டும் வெளிச்சம் நிறைந்து நின்றது.

அம்மா இப்போது பள்ளப்பட்டியில் அக்காவோடு இருக்கிறார்கள். எழுபது வயதைக் கடந்து அவர்களும் ஊர்விட்டு ஊர் போயிருக்கிறார்கள். தாம் வரைந்த தாளை மடித்துத் தொழுகைப் பாயின் உறையில் வைத்திருக்கிறார்களாம். மற்ற மூன்று தாள்களையும் மருமகள் தன் பணியோடு சேர்த்து வைத்திருந்தாள். அவற்றுள் அக்காவின் தாளின் படி ஒன்றை நான் கேட்டு வாங்கி, பெங்களூர் வீட்டில் என் கணக்கு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள், "இது எந்தக் கட்டடத்தின் வரைபடம்?" என்று கேட்கிறார்கள். "எங்கள் வீடு" என்று சொல்கிறேன். சொல்லும்போதே, அது நான் வாழ்ந்த வீடு அன்று, அக்கா வாழ்ந்த வீடு என்ற நினைவு வருகிறது.

இதைப் படிக்கும் அன்பர்கள் தம் வீட்டிலும் ஒரு தாளை எடுத்து, வாழப்போன உடன்பிறந்தாளிடம் கொடுத்துப் பார்க்கட்டும். அவள் வரைவதைப் பொறுமையோடு பார்க்கட்டும். நாம் வெறுங்கட்டமாக விட்ட இடத்தில் அவள் என்னென்ன வைத்திருக்கிறாள் என்பது அப்போது தெரியும். பங்கைப் பற்றிய பேச்சை அதன்பிறகு தொடங்கட்டும். நம் கணக்குகளை நாமே நேர்செய்துகொள்ளும் நல்லறிவை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!